9.42-க்கு ஒரு பொய்!

1

'டிங்!'

மேஜை மேல் கிடந்த செல்போன் ஒரு தடவை துள்ளி அடங்கியது.

ஒரு கையில் கேபின் பிஸ்கட், மறு கையில் எலுமிச்சை இலை போட்ட டீ. சார்ஜென்ட் உனாய்சி அப்படியே எட்டிப் பார்த்தாள்.

பார்த்தவள்... பிஸ்கட்டைக் கடிக்க மறந்தாள்.

அனுப்பியவர்: அபிசாய்.

அவளுடைய சொந்த அண்ணன்!

'கறுப்புப் பாறையில கால் வழுக்கி விழுந்துட்டேன். தனியாத்தான் வந்தேன். யார் மேலயும் தப்பு இல்ல.'

மணி 9.42.

அண்ணன் தங்கைக்கு மெசேஜ் அனுப்புவதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அதை எங்கள் தவெயுனி தீவில், நவத்துலோவா கிராமத்தில் வந்து கேளுங்கள். உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்!

இங்கே தங்கை பெரியவளாகிவிட்டால், அண்ணன் அவளிடம் நேருக்கு நேர் பேச மாட்டான். மரியாதை! அபிசாய் உனாய்சியிடம் கடைசியாகப் பேசியபோது அவளுக்கு வயது பதிமூன்று. இப்போது நாற்பத்தாறு.

சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால்? மனைவி சலோதேயிடம் சொல்லி அனுப்புவான். சலோதே ஊரில் இல்லையா? தங்கை வீட்டு வாசலில் நிற்கும் சீமைப்பலா மரத்தின் முன்னால் வந்து நிற்பான்.

"ஏ மரமே! சாயங்காலம் மழை வரும்போல இருக்கு. பாயைக் காயப் போட்டவங்க எடுத்து வெச்சா நல்லது!"

உனாய்சி உள்ளே இருந்தபடியே குரல் கொடுப்பாள். "மரமே! பாயை அப்பவே எடுத்தாச்சுன்னு சொல்லிடு!"

முப்பத்து மூன்று வருஷமாக அந்த மரம்தான் தபால்காரன்.

அப்படிப்பட்டவன் மெசேஜ் அனுப்புவானா? சான்ஸே இல்லை!

உனாய்சி திரும்பிப் பார்த்தாள். எதிர் நாற்காலியில் கான்ஸ்டபிள் ரூபெனி, பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளுக்கு மாமன் மகன். கேலி பண்ண உரிமையுள்ள முறை. போன மாதம்தான் அவளுடைய போலீஸ் தொப்பிக்குள் உயிருள்ள நண்டை விட்டிருந்தான்.

"ரூபெனி! என் அண்ணன் போனை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கே?"

"எந்த போனு மேடம்?"

"நடிக்காதே. கால் வழுக்கி விழுந்துட்டானாம். எனக்கு மெசேஜ் அனுப்பறானாம். கொஞ்சமாவது நம்புற மாதிரி விளையாடக் கூடாதா?"

"ஐயோ, சத்தியமா நான் இல்ல அத்தை மகளே! மச்சான் போனைத் தொட்டா அவர் என் கையை ஒடிச்சிடுவார். புது வாட்ச்சையே தொட விடல. 'ரெண்டு நாள் ஆச்சே மச்சான், கினி இன்னும் கேக்கலையா'ன்னு நேத்து கேட்டேன். 'வாயை மூடுடா, அவன் காதுல விழுந்துடப் போவுது'ன்னார்!"

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரித்ததுதான் தப்பாய்ப் போயிற்று.

கினி, உனாய்சியின் ஒரே மகன். வயது இருபத்து நாலு. அப்பா கடலோடு போன பிறகு தாய்மாமன் நிழலில் வளர்ந்தவன். எங்கள் தீவில் தங்கை மகன் வாய் திறந்து கேட்டால் தாய்மாமன் இல்லை என்று சொல்லக் கூடாது. கோழியா, எடுத்துக்கோ. படகா, எடுத்துக்கோ. போட்டிருக்கிற சட்டையா, இந்தா கழற்றித் தருகிறேன்!

"போய் வேலையைப் பாருடா!"

உனாய்சி போனைக் கவிழ்த்து வைத்தாள். பிஸ்கட்டை டீயில் நனைத்தாள்.

நாற்பது நிமிடம் கழித்து...

ஸ்டேஷன் போன் அலறியது!

"போ... போலீஸா? நாங்க நடைபாதையில இருக்கோம். நியூஸிலாந்துக்காரங்க. இங்கே கறுப்புப் பாறைக்குக் கீழே... ஒருத்தர்... கண்ணைத் திறந்தபடியே..."

அந்தப் பெண் குரல் மேற்கொண்டு பேச முடியாமல் அழ ஆரம்பித்தது.

2

நவத்துலோவாவிலிருந்து அருவி வரைக்கும் கடலை ஒட்டியே போகிறது நடைபாதை. எரிமலை எப்போதோ கக்கிவிட்டுப் போன கறுப்புப் பாறைகள், கறுப்பு மணல். நடந்தால் ஒரு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து படகில் போனால் வெறும் பதினைந்து நிமிடம்.

அபிசாய் மல்லாந்து கிடந்தான். அலை வந்து அவன் இடுப்பில் கட்டியிருந்த சுலு வேட்டியின் ஓரத்தை நனைத்துவிட்டுத் திரும்பியது. போன் அவன் மார்பின் மேல் இருந்தது.

உனாய்சி பார்த்தாள். அண்ணன் முகத்தை இவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்தது முப்பத்து மூன்று வருஷத்தில் இதுவே முதல் தடவை. புருவத்துக்கு மேல் ஒரு மச்சம். அது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. உள்ளே எதுவுமே வரவில்லை.

"மேடம்..." ரூபெனியின் குரல் உடைந்திருந்தது. "மேடம், நீங்க கொஞ்சம் உக்காருங்க. நான் பாத்துக்கறேன்."

"நோட்டை எடு. எழுது."

"மேடம், அது உங்க அண்ணன்..."

"எழுதுடா!"

ஹெல்த் சென்டர் நர்ஸ் மிலிகா மண்டியிட்டு உடம்பைப் புரட்டிப் பார்த்தாள். "பின்மண்டையும் இடுப்புக்கிட்ட முதுகெலும்பும் போச்சு உனாய்சி. ஆனா விழுந்த உடனே உயிர் போகல. பத்து மணி வரைக்குமாவது மூச்சு இருந்திருக்கும்."

"பின்மண்டையா?" உனாய்சி மேலே அண்ணாந்து பார்த்தாள். ஆறு ஆள் உயரத்துக்குப் பாறை. "நடந்து போறவன் வழுக்கினா முன்னால விழுவான். இல்லைன்னா பக்கத்துல சரிவான். பின்னால எப்படி விழுவான்?"

"அப்போ..."

"எதிர்ல நின்னு யாரோ தள்ளியிருக்காங்க."

ரூபெனி எழுதுவதை நிறுத்தினான். "அப்போ மெசேஜ்? மச்சான் போன் விரல் வெச்சாத்தான் திறக்கும்."

"மயங்கிக் கிடக்குறவன் விரலும் விரல்தானே? கீழே இறங்கி வந்து, இவன் விரலை வெச்சே திறந்து, எனக்கு ஒரு மெசேஜைத் தட்டிவிட்டுட்டு, போனை மார்பு மேல வெச்சுட்டுப் போயிருக்கான். கேட்டியா... 'தனியாத்தான் வந்தேன்'னு எழுதியிருக்கான். நிஜமாவே விழுந்து கிடக்குறவன் 'காப்பாத்துங்க'ன்னு எழுதுவான். தனியா வந்தேன், கூட்டமா வந்தேன்னா கணக்குச் சொல்லிட்டிருப்பான்?"

கிராமத்துப் படகு வந்து சேர்ந்தது. நாலு இளைஞர்கள் குதித்தார்கள். அவர்களில் கினியும் ஒருவன். முகம் சாம்பலாக இருந்தது.

"அம்மா..."

"மாமாவை எப்போ கடைசியா பாத்தே?"

"ராத்திரி சாப்பிடுறப்போம்மா. காலையிலேருந்து நான் தோட்டத்துல கிழங்கு தோண்டிட்டிருந்தேன்."

"சரி. தலைப் பக்கம் பிடி. பாத்து."

கினி பிடித்தான். அவன் மணிக்கட்டில் ஆரஞ்சுப் பட்டை வாட்ச் வெயிலில் பளீரென்றது. உனாய்சி பார்த்தாள். ரூபெனியும் பார்த்தான். மருமகன் கையில் மாமன் வாட்ச். அதைப் போய் யார் யோசிப்பார்கள்?

படகு கிளம்பியதும் அவள் லம்பாசா தலைமை ஸ்டேஷனுக்கு போன் போட்டாள். இன்ஸ்பெக்டர் பிஷுன் தத் எடுத்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு உனாய்சி. நாலு மணி படகுல வர்றேன். அதுவரைக்கும் நீங்க ஒதுங்கியே இருங்க. சொந்தக்காரங்க விசாரிக்கக் கூடாது. அதான் அவரே மெசேஜ் அனுப்பியிருக்காரே... வழுக்கி விழுந்துட்டேன்னு. ஆக்ஸிடென்ட்."

"கொலை சார்."

"சாகப் போறவன் எழுதினதைவிடப் பெரிய சாட்சி வேணுமா உங்களுக்கு?"

"அவன் எழுதல சார். எனக்கு எழுத மாட்டான்."

"அம்மா தாயே, உங்க வழக்கம் எனக்கும் தெரியும். ஆனா உயிர் போறப்போ எவன் சம்பிரதாயம் பாப்பான்?"

"அபிசாய் பாப்பான்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "சரி. நாலு மணிக்கு ஆளைக் காட்டுங்க. இல்லைன்னா நான் ஆக்ஸிடென்ட்னு எழுதி மூடிடுவேன். நாளைக்கு அடக்கம். அப்புறம் தோண்ட விட மாட்டாங்க உங்க பெரியவங்க."

"காட்டறேன் சார்."

அண்ணனைக் கொன்றவன் யார்? அது தெரியாமல் அண்ணனை மண்ணுக்குள் வைக்கப் போவதில்லை. உள்ளே மரத்துப் போய்க் கிடந்ததில் அது ஒன்றுதான் அவளை நடக்க வைத்தது.

3

நடைபாதை ஆரம்பிக்கிற இடத்தில் ஓலைக் கொட்டகை. கொட்டகையில் ஒரு நோட்டு. நடக்க வருகிறவர்கள் பேரையும் நேரத்தையும் அதில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும்.

"மூணே பேர் மேடம்!" ரூபெனி பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். "எட்டு பத்துக்கு கிரெக் ஹாலோரன், ஆஸ்திரேலியா. எட்டு நாப்பதுக்கு அந்த நியூஸிலாந்துக் கிழவரும் கிழவியும். அவ்வளவுதான்."

"கிரெக்..."

"அவனேதான்!"

அருவிக்கு மேலே ஹோட்டல் கட்ட வேண்டும் என்று ஆறு மாதமாக அலைகிறவன் கிரெக். நிலம் குலத்துச் சொத்து. குலத்தலைவன் அபிசாய் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும். அபிசாய் போடவில்லை. நேற்று சாயங்காலம் மைதானத்தில் இரண்டு பேருக்கும் வாய்த்தகராறு. ஊரே பார்த்தது.

"யோசிச்சுப் பாரு ரூபெனி. என் அண்ணன் என்கூடப் பேச மாட்டான்னு இந்தத் தீவுல நேத்துப் பொறந்த நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். உள்ளூர்க்காரன் பொய் மெசேஜ் அனுப்பணும்னா யாருக்கு அனுப்புவான்?"

"சலோதே அண்ணிக்கு!"

"எனக்கு அனுப்பினவன்?"

"வழக்கம் தெரியாதவன்... வெளியூர்க்காரன்! அடேங்கப்பா! மேடம், மூளைன்னா இது மூளை!"

"வாயை மூடிட்டு வண்டியை எடு."

கிரெக் தன் விடுதி வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பூட்ஸில் கறுப்பு மணல். போலீஸைக் கண்டதும் எழுந்தான்.

"கேள்விப்பட்டேன் சார்ஜென்ட். நல்ல மனுஷன். எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகலைன்னாலும்..."

"காலையில நடைபாதையில என்ன வேலை உங்களுக்கு?"

"அவரைப் பார்த்துப் பேசலாம்னு போனேன். தினமும் காலையில ஒருதடவை பாதை முழுக்க நடப்பார்ல? ஆனா வழியில அவரைப் பார்க்கவே இல்லை. தொங்குபாலம் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். ஒன்பது மணிக்கு ஊர்ப் பெரியவங்க வரச் சொல்லியிருந்தாங்க."

"தினமும் நடக்குறவனை இன்னிக்கு மட்டும் பாக்கவே இல்லையா? நல்லா இருக்கு கதை!"

"வேணும்னா அவங்களையே கேளுங்க. கவா வேர்க்கட்டு கொண்டுபோய்க் குடுத்து, சம்மணம் போட்டு உக்காந்து, பத்தரை மணி வரைக்கும் அந்த வேர்ச் சாறைக் குடிச்சேன். கால் இன்னும் மரத்துப் போய்த்தான் இருக்கு!"

உனாய்சி கண்ணைக் காட்டினாள். ரூபெனி ஓடினான்.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம்... வந்து..."

"சொல்லித் தொலை."

"உண்மைதான் மேடம். ஒன்பதுலேருந்து பத்தரை வரைக்கும் அங்கேதான் இருந்திருக்கான். பன்னெண்டு பேர் சாட்சி. பாதியில எழுந்து போகக்கூட இல்லையாம். எட்டாவது கிண்ணத்துல பாட்டு வேற பாடியிருக்கான். சகிக்கலையாம்!"

உனாய்சி நாற்காலியில் உட்கார்ந்தாள். மணி இரண்டே முக்கால். படகு வர ஒன்றேகால் மணி நேரம் இருந்தது.

கிரெக் தொண்டையைக் கனைத்தான். "சார்ஜென்ட்... ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"நேத்து சண்டையில அபிசாய் என் மூக்குக்கு நேரா கையை நீட்டினார். அந்தக் கையில ஆரஞ்சுக் கலர் வாட்ச். இப்போ பிணத்தைத் தூக்கிட்டுப் போனாங்களே, அதுல உங்க கினி கையில அதே வாட்ச். செத்தவர் பொருளை அதுக்குள்ளயா எடுத்துப்பாங்க உங்க ஊர்ல?"

ரூபெனிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "யோவ்! கினி அவர் தங்கச்சி மகன். மாமன் வாட்ச் மருமகன் கையில இருக்குறது உமக்கு அதிசயமாத் தெரியுதா? நேத்து ராத்திரி கேட்டிருப்பான், குடுத்திருப்பார். மேடம், இந்த ஆளுக்கு நம்ம வழக்கம்..."

அவன் பேசிக்கொண்டே போனான்.

உனாய்சி கேட்கவில்லை.

4

"எங்க கேமராவா?" நியூஸிலாந்துக் கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாரும்மா, தாராளமாப் பாரு. அருவிப் பக்கத்துலேருந்து திரும்பி வந்துட்டிருந்தவரைத் தொங்குபாலத்துல பார்த்தோம். அவ்வளவு சிரிச்ச முகம். ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமான்னு கேட்டேன். அதுதான் அவரோட கடைசிப் போட்டோன்னு எனக்குத் தெரியாமப் போச்சே..."

உனாய்சி திரையைப் பார்த்தாள்.

அபிசாய் சிரித்தபடி நின்றான். நெற்றியில் மச்சம். கையை உயரத் தூக்கி ஆட்டுகிறான்.

தூக்கிய கையில்... ஆரஞ்சுப் பட்டை வாட்ச்!

படத்தின் மூலையில் நேரம்: 9.05.

"இதுல என்னம்மா இருக்கு?" என்றாள் கிழவி.

"ஒண்ணும் இல்லீங்க. அழிச்சுடாம வெச்சிருங்க."

கொட்டகை நோட்டில் மூன்றே பேர் என்று ரூபெனி சொன்னான் அல்லவா? அது வெளியூர்க்காரர்கள் எழுதுகிற நோட்டு. உள்ளூர்க்காரன் தன் ஊர்ப் பாதையில் நடக்கக் கையெழுத்தா போடுவான்?

அவள் வெளியே வந்தாள். கால்கள் நடந்தன. அவள் நடந்த மாதிரி இல்லை.

5

அவள் வீட்டு வாசலில், சீமைப்பலா மரத்தடியில், கினி விறகு பிளந்துகொண்டிருந்தான். துக்க வீட்டுக்கு அடுப்பு மூட்ட வேண்டுமே.

உனாய்சி எதிரே போய் நின்றாள்.

"வாட்ச் நல்லா இருக்கு."

கோடாலி பாதியில் நின்றது. "மாமாது..."

"தெரியும். எப்போ கேட்டே?"

"ரா... ராத்திரி."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. அம்மாவா கேக்கல. போலீஸா கேக்கறேன்."

"ராத்திரிதாம்மா!"

"காலையில ஒன்பது அஞ்சுக்கு உன் மாமன் கையில இருந்துச்சு. போட்டோ இருக்கு."

கினியின் கையிலிருந்து கோடாலி நழுவியது. அப்படியே மரத்தின் வேரில் சரிந்து உட்கார்ந்தான். பிறகு குழந்தை மாதிரி ஓவென்று அழுதான்.

"தள்ளணும்னு போகலம்மா... சத்தியமா..."

"சொல்லு."

"ஹோட்டல் வந்தா என்னை மேனேஜர் ஆக்கறேன்னு கிரெக் சொன்னார். 'உன் மாமா ஒத்துக்கணுமே'ன்னார். 'நான் கேட்டா என் மாமா இல்லைன்னு சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது'ன்னு எல்லார் முன்னாடியும் சவால் விட்டேன்மா. காலையில பாறைகிட்ட அவரைப் பிடிச்சுக் கேட்டேன். 'நிலத்தை மட்டும் கேக்காதே கினி. அது என்னோடது இல்ல, குலத்தோடது'ன்னார். பொறந்ததுலேருந்து அவர் என்கிட்ட இல்லைன்னு சொன்னதே கிடையாது. நான் விடல. அப்போ... கையிலேருந்து வாட்ச்சைக் கழட்டி என் கையில மாட்டினார். 'இந்தா, இதை வெச்சுக்கோடா'ன்னு சிரிச்சார். அழற குழந்தைக்கு மிட்டாய் குடுக்குற மாதிரி! எனக்கு எங்கேயிருந்துதான் வந்துச்சோ அந்த வெறி... நெஞ்சுல கைவெச்சு ஒரே தள்ளு..."

"அப்புறம் கீழே இறங்கினே."

"இறங்கலம்மா. எட்டிப் பாத்தேன். மாமா அசையவே இல்ல. ரெண்டு தடவை கூப்பிட்டேன். செத்துட்டார்னு நினைச்சு ஓடிட்டேன்."

"பொய். கீழே இறங்கி, அவன் விரலை வெச்சு போனைத் திறந்து, எனக்கு மெசேஜ் அனுப்பினே."

கினி தலையைத் தூக்கினான். கண்ணீருக்கு நடுவே விழித்தான்.

"எந்த மெசேஜ்?"

உனாய்சி தன் போனை நீட்டினாள். அவன் படித்தான். ஒரு தடவை. இரண்டு தடவை.

"அம்மா..." அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "மாமா... உன்கிட்ட பேசினாரா?"

உனாய்சி போனைத் திருப்பி வாங்கி இன்னொரு தடவை படித்தாள்.

இந்தத் தீவில் பிறந்த எவனும் அப்படி ஒரு பொய் மெசேஜை அவளுக்கு அனுப்ப மாட்டான். அது சரி. கிரெக்கும் அனுப்பவில்லை. கினியும் அனுப்பவில்லை. அப்படியானால்... முதுகெலும்பு முறிந்து கிடந்த அபிசாயே அனுப்பியிருக்கிறான்! மருமகனுக்கு இல்லை என்று சொன்ன ஒரே தடவைக்கு வட்டியும் முதலுமாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். 'தனியாத்தான் வந்தேன். யார் மேலயும் தப்பு இல்ல.' மனைவிக்கு அனுப்பவில்லை. கினியைப் பெற்றவளுக்கு அனுப்பினான். அவள் போலீஸ். அவள் நம்பினால் போதும், கினி பிழைத்துக்கொள்வான் என்று.

9.42. படகில் பதினைந்தே நிமிடம். பத்து மணி வரைக்கும் மூச்சு இருந்தது என்று மிலிகா சொன்னாள்.

அந்த நேரத்தில் இவள் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

வலிக்க வேண்டும். வலிக்கவில்லை. மரத்துப் போன பல்லை நாக்கால் தொடுவதுபோல் அந்த நினைப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"அம்மா..." கினி அவள் காலைப் பிடித்துக்கொண்டான். "மாமாவே எழுதிட்டார்ல? யார் மேலயும் தப்பு இல்லன்னு... அவரே சொல்லிட்டார்ல? உனக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாதும்மா..."

படகுத்துறையில் படகின் சங்கு ஊதியது.

உனாய்சி மரத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"எழுந்திரு. மூஞ்சியைக் கழுவு. என்கூட வா."

6

இன்ஸ்பெக்டர் பிஷுன் தத் குடையை மடக்கியபடி படகுத்துறையில் இறங்கினார். எதிரே உனாய்சி. அவளுக்கு இரண்டடி பின்னால் ரூபெனியும் கினியும்.

"என்ன சார்ஜென்ட், ஆள் கிடைச்சானா?"

"நான் சொன்னது தப்பு சார். அந்த மெசேஜ் போலி இல்ல. என் அண்ணன்தான் அனுப்பியிருக்கான்."

தத் நிம்மதியாக மூச்சு விட்டார். "நான் காலையிலேயே சொன்னேனே! அப்போ ஆக்ஸிடென்ட். அவ்வளவுதானே? ஃபைலை மூடிட்டு அடக்கத்துக்கு ஏற்பாடு பண்ணுங்கம்மா. பாவம், நீங்களும் எவ்வளவுதான் அலைவீங்க..."

கினி கண்ணை மூடிக்கொண்டான்.

"மெசேஜ் உண்மை சார்." உனாய்சியின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "அதுல இருக்குறது பொய்."

அவள் இடுப்பிலிருந்து கைவிலங்கை எடுத்தாள்.

"கினி. கையை நீட்டு."

ரூபெனி பதறினான். "மேடம்! ஐயோ... என்ன பண்றீங்க? அத்தை மகளே! அது நம்ம பிள்ளை!"

கினி கையை நீட்டினான். விலங்கு மாட்டவில்லை. வாட்ச் தடுத்தது. உனாய்சி ஆரஞ்சுப் பட்டையைக் கழற்றினாள்.

"அம்மா... அது மாமா குடுத்தது. அதை மட்டுமாவது நான்..."

"இல்ல."

வாட்ச்சை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ரூபெனியிடம் நீட்டினாள். அவன் வாங்காமல் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். உறையை அவளே பையில் வைத்தாள். விலங்கு 'க்ளிக்' என்றது.

"நடந்ததை அவனே சொல்வான் சார். அதோட இன்னொண்ணும் எழுதிக்கங்க. மெசேஜ் வந்தது 9.42-க்கு. நான் கிளம்பினது 10.25-க்கு. அதுக்கு என்ன தண்டனையோ, அதையும் பாத்துச் சொல்லுங்க."

தத் குடையை விரித்தார். மறுபடியும் மடக்கினார்.

"முப்பத்து மூணு வருஷம் கழிச்சு உங்க அண்ணன் உங்ககிட்ட வாய் திறந்திருக்கார். சாகுறப்போ, உங்க பிள்ளைக்காக ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கார். அதை நம்பிட்டுப் போகக் கூடாதா உனாய்சி?"

உனாய்சி தொப்பியைச் சரி செய்துகொண்டாள்.

"பழக்கமில்லாம நேரடியா என்கிட்டயே சொல்லிட்டான் சார். அதான் வந்தது வினை... எங்க வீட்டுச் சீமைப்பலா மரத்துக்கிட்ட சொல்லியிருந்தான்னா, அப்படியே நம்பித் தொலைச்சிருப்பேன்!"